கெரவலப்பிட்டியவுக்கு எரிவாயு: எந்த வழியில், எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு?

கொழும்புக்கு வடக்கே, வத்தளையை அடுத்து முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரமாக இருக்கும் கெரவலப்பிட்டியவில் இரண்டு பெரிய கூட்டுச் சுழற்சி மின்நிலையங்கள் இருக்கின்றன; வாயுச் சுழலி வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டு நீராவிச் சுழலியையும் ஓட்டுபவை இவை. ஒன்று, 2008 இல் ஒரு பகுதியும் 2010 இல் முழுமையுமாக இயங்கத் தொடங்கிய 300 மெகாவாட் யுகதனவி. மற்றது, 2024 இல் வாயுச் சுழலி மட்டும் ஓடும் திறந்த சுழற்சியில் 220 மெகாவாட்டுடன் தொடங்கி, நீராவிச் சுழலியும் சேர்ந்தால் 350 மெகாவாட் தரக்கூடிய சோபாதனவி. முதலாவது நிலையம் இயற்கை எரிவாயுவுக்கு மாறக்கூடியதாகவும் இரண்டாவது அதற்கென்றே திட்டமிட்டும் கட்டப்பட்டன. ஆனால் ஒன்றில் உலை எண்ணெயும் மற்றதில் டீசலும்தான் இதுவரை எரிந்திருக்கின்றன. இதே இடத்தில் இன்னொரு 350 மெகாவாட் நிலையமும் இலங்கை மின்சார சபையின் நீண்டகால உற்பத்தித் திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

பொதுவெளியில் இந்த விவாதம் பெரும்பாலும் எந்த நாட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஆனால் நாட்டின் மின்கட்டணத்தை அடுத்த 15, 20 ஆண்டுகளுக்குக் கட்டிப்போடக்கூடியது வேறொன்று: ஆண்டுக்கு எத்தனை தொன் எரிவாயு வாங்குவோம் என்று எழுதிக் கையொப்பமிடும் அளவு. இந்த நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுவரும் வழிகளை அந்த அளவை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன். விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், கணக்குகளில் எடுத்திருக்கும் விலைகள் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொண்டவை மட்டுமே. வாசகர் தமக்குத் தெரிந்த விலையைப் போட்டுப் பார்க்கலாம். விகிதங்கள் பெரிதாக மாறமாட்டா.

முதலில் இந்த நிலையங்கள் ஆண்டில் எத்தனை மணிநேரம் ஓட வேண்டியிருக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். 2016 இல் சோபாதனவிக்கான விலைமனு கோரப்பட்டபோது, இரவும் பகலும் ஓடும் அடித்தள நிலையத்துக்கு அருகில் வைத்து அதைக் கற்பனை செய்தவர்கள் பலர். வழக்குகளிலும் மேன்முறையீடுகளிலும் ஆண்டுகள் கழிந்து நிலையம் எழும்பி முடிப்பதற்குள் கூரைகளின் மேல் சூரியத் தகடுகள் பெருகிவிட்டன. உச்ச நேரத் தேவை 2,500 மெகாவாட்டைச் சுற்றி இருக்கும் ஒரு சிறிய கட்டமைப்பில், கூரைச் சூரிய மின்சாரம் மட்டுமே 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை விழுந்து கிடந்த நாட்களில், பிற்பகல் 3 மணி வரை தகடுகளை அணைத்து வைக்கும்படி மின்சார சபை வீட்டு உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. எரிபொருள் செலவில்லாமல் வரும் மின்சாரத்தையே வாங்க முடியாத பகல் வேளையில், காசு கொடுத்து வாங்கிய எரிவாயுவை எரிக்க இடம் ஏது? இதே நாட்டில் மாலை ஆறரை மணிக்குப் பின் விளக்குகளும் மின்விசிறிகளும் சமையலறைகளும் ஒன்றாக விழிக்கும்போதும், மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் இறங்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களிலும் இந்த நிலையங்கள் இல்லாமல் முடியாது. நனைந்த ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் இடையில் இவற்றின் பயன்பாடு பல மடங்கு மாறும். எரிவாயு ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டும்.

கணக்கு இதுதான். நல்ல கூட்டுச் சுழற்சி நிலையம் ஒரு மெகாவாட் மணிநேர மின்சாரத்துக்கு ஏறத்தாழ 7.3 எம்.எம்.பி.டி.யூ. எரிவாயு கேட்கும். உலக எரிவாயு வணிகத்தில் விலை பேசப்படுவது இந்த வெப்ப அளவையில்தான்; ஒரு தொன் திரவ எரிவாயுவில் (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு; சமையல் எரிவாயு அல்ல) இது ஏறக்குறைய 52 இருக்கிறது. ஆகவே எம்.எம்.பி.டி.யூ. விலை ஒரு டொலர் ஏறினால், மின்சாரத்தின் விலை அலகொன்றுக்கு, அதாவது ஒரு கிலோவாட் மணிநேரத்துக்கு, முக்கால் அமெரிக்கச் சதம் ஏறும். சோபாதனவி ஒரு நாள் முழுதும் முழுச் சுமையில் ஓடினால் ஏறத்தாழ 1,180 தொன் திரவ எரிவாயு தேவைப்படும். இரண்டு நிலையங்களும் சேர்ந்து ஆண்டுச் சராசரியாகக் கொள்ளளவின் 60 சதவீதத்தில் ஓடினால் தேவை 5 இலட்சம் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. 20 சதவீதத்தில் ஓடினால் 1.6 இலட்சம் தொன். உலகக் கடல்களில் ஓடும் வழக்கமான எரிவாயுக் கப்பல் ஒரு தடவையில் ஏறத்தாழ 70 ஆயிரம் தொன் கொண்டுவரும். அதாவது நல்ல பயன்பாட்டில் ஆண்டுக்கு ஏழு கப்பல். மோசமான பயன்பாட்டில் இரண்டே கப்பல். ஏழுக்கும் இரண்டுக்கும் இடையில் எந்த எண்ணைப் பொறுப்பேற்று எழுதிக் கொடுப்பது என்பதில்தான் முழு விவகாரமும் இருக்கிறது.

எதையும் செய்யாமல் எண்ணெயிலேயே ஓட்டுவதும் ஒரு தெரிவுதான். அதைக் கேலி செய்து ஒதுக்கிவிட முடியாது. டீசலில் கூட்டுச் சுழற்சி ஓடினால் ஓர் அலகுக்கு ஏறத்தாழ கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவாக, 200 மில்லிலீற்றர் எரியும். வரியில்லாத டீசல் லீற்றர் 70 சதம் என்றால், எரிபொருள் செலவு மட்டும் 14 சதம். அது கொழுத்த செலவு. யுகதனவியின் நிலை வேறு. அது எரிப்பது கந்தகம் குறைந்த உலை எண்ணெய். அலகொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் எரியும். தொன் 500 டொலர் என்றால் 10 சதம். எரிவாயு வந்தால் செலவு பாதியாகும் என்று மேடைகளில் சொல்லப்படும்போது, ஒப்பிடப்படுவது டீசலோடா உலை எண்ணெயோடா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உலை எண்ணெயின் உண்மையான செலவு கொள்முதல் பட்டியலோடு முடிவதில்லை. வாயுச் சுழலி என்பது தூய எரிபொருளுக்காகப் பிறந்த இயந்திரம். உலை எண்ணெயை அப்படியே அதற்குள் விட முடியாது. முதலில் நீரால் கழுவிச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். எண்ணெயிலுள்ள வனேடியம் உயர் வெப்பத்தில் சுழலியின் இறக்கைகளை அரித்துவிடும் என்பதால் மக்னீசியச் சேர்மத்தைக் கலக்க வேண்டும். கலந்த மக்னீசியம் சாம்பலாகி அதே இறக்கைகளில் படியும். படியப் படிய மின்னுற்பத்தி இறங்கும். குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, ஆறவைத்து, கழுவ வேண்டும். எரிவாயுவில் இந்தப் பாடு எதுவும் இல்லை. சுழலியின் ஆயுளும் கூடும், பழுதுபார்ப்புக்கான இடைவெளியும் நீளும், கரியமில வாயு அலகொன்றுக்கு ஏறத்தாழ 620 கிராமிலிருந்து 400 கிராமுக்குக் கீழே இறங்கும். இவற்றை எரிவாயுவின் பக்கத்தில் நியாயமாகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். குழாய்களிலும் கப்பல்களிலும் கசியும் மீத்தேனை அதே கணக்கில் கழித்துக்கொள்ளவும் வேண்டும்.

நீண்ட காலமாகப் பேசப்பட்டு வரும் வழி, கரைக்கு அப்பால் கடலில் ஒரு மிதக்கும் முனையத்தை நிறுத்துவது. திரவ எரிவாயுவைத் தேக்கி வைத்து, கடல்நீரின் வெப்பத்தால் மீண்டும் வாயுவாக்கி, கடலடிக் குழாயால் கரைக்கு அனுப்பும் பெரிய கப்பல் அது. கரையில் தொட்டிகள் கட்டுவதைவிட விரைவாக முடியும். தேவையில்லாதபோது கப்பலைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் இவ்வகைக் கப்பல்கள் பெரும்பாலும் 1,70,000 கன மீற்றர் அளவில் கட்டப்பட்டவை. ஆண்டுக்கு 30 இலட்சம் தொன்னுக்கு மேல் வாயுவாக்கி அனுப்பும் ஆற்றல் கொண்டவை. நமக்கு வேண்டியது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கப்பலின் நாள் வாடகை, எரிவாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். நாளுக்கு 1,20,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், நிலையங்கள் 60 சதவீதம் ஓடும்போது எம்.எம்.பி.டி.யூ.வுக்கு ஏறத்தாழ 1.80 டொலர் சேரும். 20 சதவீதம் ஓடும்போது 5.30 டொலர் சேரும். எரிவாயு விலை 12 டொலர் என்றால், முதல் நிலையில் மின்சாரத்தின் எரிபொருள் செலவு அலகுக்கு 10 சதம். இரண்டாவதில் பன்னிரண்டரைச் சதம். டீசலோடு ஒப்பிட்டால் இரண்டிலும் இலாபம்தான், ஆனால் நான்கு சதமாக இருந்த இலாபம் ஒன்றரைச் சதமாகச் சுருங்கிவிடுகிறது. உலை எண்ணெயோடு ஒப்பிட்டால் முதலாவதில் சமம், இரண்டாவதில் நட்டம். நங்கூர அமைப்பு, கடலடிக் குழாய், கரையிலுள்ள அளவீட்டு நிலையம் ஆகியவற்றின் மூலதனத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

கடலையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் எழுப்பும் அலையில், ஒரு கப்பலோடு இன்னொரு கப்பலை அணைத்து நிறுத்தித் திரவ எரிவாயு மாற்றுவது எளிதான வேலை அல்ல. இதே பருவக்காற்று வீசும் அரபிக் கடலோரத்தில், மகாராஷ்டிரத்தின் தாபோல் முனையம் 2013 இல் இயங்கத் தொடங்கியும், அலைதாங்கிச் சுவர் முடிக்கப்படாததால் மழைக்காலங்களில் பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. தாபோல் என்ற பெயர் இங்கு இன்னொரு காரணத்துக்காகவும் பொருந்தும். என்ரான் நிறுவனம் அங்கே கட்டிய நிலையத்தின் முதல் 740 மெகாவாட் பகுதி, எரிவாயு வரும்வரை என்று சொல்லி 1999 இல் நப்தா என்ற பெற்றோலியத் திரவத்தில் ஓடத் தொடங்கியது. மின்சாரத்தின் விலையை மாநில மின்வாரியத்தால் தாங்க முடியவில்லை. 2001 இல் நிலையம் நின்றது. இயந்திரத்தை முதலில் கட்டி எரிபொருளைப் பின்னால் தேடுவது தெற்காசியாவில் நம்மோடு தொடங்கிய பழக்கம் அல்ல.

2021 செப்டெம்பரில் அரசாங்கம் அமெரிக்காவின் நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜி நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை இந்த வழியின் ஒரு வடிவம். யுகதனவியின் உரிமை நிறுவனமான வெஸ்ட் கோஸ்ட் பவரில் அரசுக்கு இருந்த 40 சதவீதப் பங்கையும், மிதக்கும் முனையம் அமைத்து எரிவாயு வழங்கும் உரிமையையும் ஒரே கட்டில் கொடுக்க முனைந்த உடன்படிக்கை அது. பங்கின் விலை 250 மில்லியன் டொலர் என்று அறிவிக்கப்பட்டது. முனையத்துக்கும் குழாய்க்கும் சர்வதேச விலைமனு ஏற்கெனவே கோரப்பட்டிருந்த வேளையில் இது நடந்ததால், அமைச்சரவைக்குள்ளிருந்தே வாசுதேவ நாணயக்கார, விமல் வீரவன்ச, உதய கம்மன்பில ஆகியோர் எதிர்த்தனர். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அரசியலை ஒதுக்கிவிட்டு வணிகமாக மட்டும் பார்த்தாலும் அந்த வடிவம் தவறானது என்பதே என் கருத்து. எரிவாயு விற்பவரே அதை எரிக்கும் நிலையத்தின் பங்குதாரராக இருந்தால், நிலையம் குறைவாக ஓட வேண்டிய நாளில் அதைக் குறைவாக ஓட்டுமாறு சொல்ல மேசையில் யாருக்கும் அக்கறை இருக்காது. மின்சார சபை மட்டும்தான் மிஞ்சும். அதுவும் ஒப்பந்தத்தால் கட்டுண்டு இருக்கும்.

மிதக்கும் முனையம் என்றாலே பெரிய கப்பல் என்று இருக்க வேண்டியதில்லை என்பது நம் விவாதத்தில் அதிகம் பேசப்படாத செய்தி. இந்தோனேசியாவின் பாலித் தீவில் பெனோவா துறைமுகத்தில் நிற்கும் முனையக் கப்பல் 26,000 கன மீற்றர் மட்டுமே கொள்வது. அது ஊட்டுவது 200 மெகாவாட் அளவிலான பெசாங்கரான் மின்நிலையத்தை. ஜமேக்கா 2016 இல் தன் 120 மெகாவாட் போக் நிலையத்தைச் சிறு கப்பல்களில் வந்த எரிவாயுவால் மாற்றியமைத்த பிறகுதான், சில ஆண்டுகள் கழித்துப் பெரிய நிலையத்துக்குப் போனது. சிறு கப்பலின் எரிவாயு தொன்னுக்குத் தொன் பார்த்தால் விலை கூடியது. எங்கோ ஒரு பெரிய முனையத்தில் மீளேற்றி வர வேண்டும். நமக்கு அந்தப் பெரிய முனையம் தூரத்தில் இல்லை. கொச்சியில் பெட்ரோநெட் நிறுவனத்தின் 50 இலட்சம் தொன் முனையம் 2013 முதல் இருக்கிறது. மீளேற்றும் வசதியும் உண்டு. மங்களூருக்கான குழாய் 2021 இல் திறக்கப்படும்வரை அம்முனையம் பல ஆண்டுகள் கொள்ளளவின் சிறு பங்கில்தான் ஓடியது என்பதும் கவனிக்கத்தக்கது. பெரிதாகக் கட்டிவிட்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பதன் செலவு அங்கே பார்க்கக் கிடைத்தது.

கொச்சி என்றதும் கொள்கலன் வழியைப் பார்க்கலாம். சோபாதனவியின் தாய் நிறுவனமான எல்.டி.எல். ஹோல்டிங்ஸும் பெட்ரோநெட்டும் 2024 இல் பேசிய வழி இது. வெற்றிடக் காப்பிட்ட 40 அடித் தொட்டிக் கொள்கலன்களில் திரவ எரிவாயுவை நிரப்பி, சாதாரணக் கொள்கலன் கப்பலில் கொழும்புக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பாரவூர்தியில் நிலைய வாசலுக்குக் கொண்டுபோவது. ஒரு கொள்கலனில் ஏறத்தாழ 17 தொன் பிடிக்கும். நிலையம் நாள் முழுதும் முழுச் சுமையில் ஓட வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 65 முதல் 70 கொள்கலன்கள் வர வேண்டும். அத்தனை வெற்றுக் கொள்கலன்கள் திரும்பவும் வேண்டும். துறைமுக வாயிலிலும் பேலியகொடைச் சந்தியிலும் காலை எட்டு மணிக்கு ஏற்கெனவே நிற்கும் வரிசையை அறிந்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு கனமானது என்று தெரியும். ஆனால் நிலையம் மாலை உச்ச நேரத்தைத் தாங்குவதற்காக நாளில் ஆறு மணிநேரம் மட்டும் ஓடுமென்றால் தேவை 17 கொள்கலன்களாகக் குறைகிறது. அது நடக்கக்கூடிய எண். முனையக் கப்பலுக்கு நாள் வாடகை இல்லை, கடலடிக் குழாய் இல்லை, தேவையில்லாத வாரத்தில் ஆர்டரைக் குறைக்கலாம். தொன்னுக்கு ஆகும் போக்குவரத்துச் செலவு எல்லா வழிகளிலும் இதில்தான் அதிகம். தப்பிப்பதற்கான செலவு எல்லா வழிகளிலும் இதில்தான் குறைவு. பெரிய முடிவுக்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் நிலையம் உண்மையில் எவ்வளவு எரிவாயு கேட்கிறது என்பதை அளந்து பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

குழாய் வழியாக இந்தியாவிலிருந்து எடுப்பது பற்றியும் மன்னார் எரிவாயு பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு நாட்டு அறிக்கைகளில் இடம்பெறும் குழாய், பெற்றோலியப் பொருட்களுக்கானது, எரிவாயுக்கானது அல்ல. எண்ணூரில் 2019 இல் திறக்கப்பட்ட முனையமும் இராமநாதபுரம் தூத்துக்குடிக் குழாயும் இருப்பதால் பாக்கு நீரிணையின் எதிர்க்கரை வரை எரிவாயு வந்திருக்கிறது என்பது உண்மையே. என்றாலும் தலைமன்னாரில் கரையேறிய எரிவாயு கெரவலப்பிட்டிய வந்துசேர, மேலும் 250 கிலோமீற்றருக்குக் குறையாத தரைக் குழாய் வேண்டும். 5 இலட்சம் தொன் வாடிக்கையாளருக்காக அதை யாரும் போடமாட்டார்கள். மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் இந்தியா 2011 இல் டொராடோ, பரகூடா ஆகிய இரு கிணறுகளில் எரிவாயு கண்டது. டொராடோவில் கடலின் ஆழம் 1,300 மீற்றருக்கும் மேல். எண்ணெய் விலை சரிந்த பின்னர் 2015 இல் அந்நிறுவனம் விலகியது. அந்த எரிவாயு நிலத்துக்கு வந்தால் வரவேற்போம். அதை நம்பி இன்று ஒரு நிலையத்தின் நேரசூசியை எழுத முடியாது.

வழி எதுவானாலும் ஒப்பந்தத்தின் நடுக்கூறு ஒன்றுண்டு: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு. இதன் விளைவை அறிய வெகுதூரம் போக வேண்டாம். பாகிஸ்தான் 2016 இல் கட்டாரோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. எம்.எம்.பி.டி.யூ. விலை, உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் எண்ணெயின் பீப்பாய் விலையில் 13.37 சதவீதம். அந்த எரிவாயுவை நம்பிப் பஞ்சாப் மாகாணத்தில் பிக்கி, பல்லோக்கி, ஹவேலி பகதூர் ஷா என ஒவ்வொன்றும் 1,200 மெகாவாட்டைச் சுற்றிய மூன்று நிலையங்கள் எழுந்தன. இயந்திரங்கள் திறமையானவை, குறை அவற்றில் இல்லை. மின்கட்டணம் ஏறியதும் மக்கள் சீனத் தகடுகளை வாங்கிக் கூரையில் போட்டுக்கொண்டார்கள். வலையமைப்பின் தேவை விழுந்தது. 2025 இல் கட்டாரிடம் கப்பல்களைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. நீண்ட ஒப்பந்தமே வேண்டாம், அவ்வப்போது சந்தையில் வாங்கிக்கொள்வோம் என்றிருந்தால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. 2020 நடுப்பகுதியில் 2 டொலருக்கும் விற்ற எரிவாயு, உக்ரேன் போருக்குப் பின் ஆசியாவில் 70 டொலரையும் தாண்டிப் போனது. அந்த ஜூலையில் பங்களாதேஷ் உடனடிச் சந்தைக் கொள்முதலை நிறுத்தியது. பாகிஸ்தான் விடுத்த அழைப்புக்கு ஒரு விற்பனையாளரும் முன்வரவில்லை. நமக்கோ அப்போது டொலரே கையில் இல்லை. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டில் இருந்தோம். ஆகவே நான் சொல்வது ஒப்பந்தம் வேண்டாம் என்பதல்ல. இரண்டு கப்பல் ஆண்டின் தேவையை உறுதி அளவாகவும், அதற்கு மேற்பட்டதை விருப்ப அளவாகவும் எழுத வேண்டும். ஐந்தாம் ஆண்டில் அளவை மறுபரிசீலனை செய்யும் உரிமை வேண்டும். எடுக்காத கப்பலை வேறொருவருக்கு விற்கும் உரிமையும் வேண்டும். அப்படி எழுதினால் விலைச் சூத்திரத்தின் சதவீதம் சற்று ஏறும். ஏறட்டும்.

இந்த நிலையங்களின் மணிநேரங்களுக்காகப் போட்டியிடும் மற்ற இரண்டையும் பார்க்காமல் ஒப்பீடு முடியாது. ஒன்று மின்கலத் தொகுதிகள். 2025 இல் மின்சார சபை 16 துணைமின் நிலையங்களில் தலா 10 மெகாவாட் வீதம் விலைமனு கோரியது. நான்கு மணிநேரம் தாங்கக்கூடிய 160 மெகாவாட் மாலை உச்ச நேரத்தில் வந்து சேர்ந்தால், அதே அளவுக்குக் கெரவலப்பிட்டியவின் தேவை குறையும். மற்றது மதுரையையும் மன்னாரையும் இணைக்கும் உயர் அழுத்த நேர்மின்னோட்டக் கம்பி. எரிவாயுவைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து எரிப்பதற்குப் பதிலாக மின்சாரமாகவே கொண்டுவருவது அது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை எதிர்த்திசையில் விற்கவும் வழி பிறக்கும் என்பதால், காகிதத்தில் எல்லாவற்றையும் விட நல்ல தெரிவு இதுதான். பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் கம்பி கடலில் இறங்கவில்லை என்பது ஒரு குறை. மின்சாரம் தரும் அயலவருக்கு நிலுவை வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பங்களாதேஷ் 2024 இன் கடைசி மாதங்களில் பார்த்தது. இந்தியாவில் அதானி நிறுவனம் நடத்தும் கொட்டா நிலையத்திலிருந்து வந்த மின்சாரம் பாதியாகக் குறைக்கப்பட்டது.

ஆனாலும் பெரிய சுழலிகளே இல்லாமல் கட்டமைப்பை நடத்தலாம் என்பாருடன் நான் உடன்படவில்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல், பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்கைப் பற்றி நாடே சிரித்தது; ஆனால் இருளின் காரணம் குரங்கு மட்டுமல்ல. விடுமுறை நாள், தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு மிக உயர்வு, சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவு. சுழலும் நிறையின் உந்தம் குறைந்த கட்டமைப்பு சிறிய அதிர்ச்சியிலும் அதிர்வெண்ணை இழந்துவிடும். நுரைச்சோலையின் அலகுகள் நின்றன; நிலக்கரி நிலையத்தை மீண்டும் எழுப்ப நாட்கள் ஆனதால் அடுத்த நாட்களில் மின்வெட்டு தொடர்ந்தது. வாயுச் சுழலி அப்படியல்ல. திறந்த சுழற்சியில் நிமிடங்களில் எழும்பும். கெரவலப்பிட்டிய கொழும்பின் சுமைக்கு அருகிலேயே இருக்கிறது. இணைப்பைப் பிரிக்கும் கிளட்ச் பொருத்திவிட்டால், எரிபொருளே எரிக்காமல் மின்பிறப்பாக்கியை மட்டும் சுழலவிட்டு அந்த உந்தத்தையும் மின்னழுத்தத் தாங்குதலையும் பெறலாம். இந்தச் சேவைக்கு விலை உண்டு. அது எரிவாயுத் தொன்னில் அளக்கப்படும் விலை அல்ல.

எனவே என் வரிசை இப்படி அமைகிறது. இருக்கும் 650 மெகாவாட்டை வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் சுழலும் காப்பாகவும் மாலைக்கும் வறட்சிக்குமான ஆற்றலாகவும் நடத்த வேண்டும். சோபாதனவிக்கு முதலில் கொள்கலன் எரிவாயு, ஆறு மணிநேர ஓட்டத்தை மனத்தில் வைத்து. டீசலை வெளியேற்றுவதுதான் இன்று கையில் இருக்கும் தெளிவான இலாபம். யுகதனவியின் மாற்றத்தை, உலை எண்ணெய் விலையும் சுழலியின் அடுத்த பெரிய பழுதுபார்ப்பும் கூடும் நேரத்துக்குத் தள்ளலாம். அளவீட்டில் தேவை ஆண்டுக்கு நான்கு கப்பலைத் தாண்டும் என்று தெரிந்தால், பாலியில் நிற்பது போன்ற சிறு முனையக் கப்பலுக்கு, குறுகிய வாடகைக் காலத்துடன், நிலையப் பங்குகளோடு சேர்க்காமல் தனியாக விலைமனு கோர வேண்டும். பெரிய முனையக் கப்பல், தொழிற்சாலைகளோ போக்குவரத்தோ எரிவாயுவை எடுக்கத் தயாராக இருப்பதாகக் கையெழுத்து வைத்த பிறகுதான்.

மூன்றாவது 350 மெகாவாட் நிலையத்துக்கு நான் இப்போது வாக்களிக்க மாட்டேன். அதன் கொள்ளளவுக் கட்டணம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்பட்டியலில் ஏறும். எரிவாயுவின் உறுதி அளவு அதன் மேல் இன்னொரு அடுக்காக ஏறும். அந்த நிலையத்துக்கான கொள்வனவு உடன்படிக்கை கையெழுத்துக்கு வருமானால், அதற்கு முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மூன்று ஆவணங்களைக் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும்: நனைந்த ஆண்டு ஒன்றுக்கும் வறண்ட ஆண்டு ஒன்றுக்குமான மணிக்கு மணி ஓட்டக் கணிப்பு, அதே 350 மெகாவாட்டை மின்கலமும் மதுரைக் கம்பியும் சேர்ந்து தருவதற்கான விலை, எரிவாயு ஒப்பந்தத்தில் உறுதி அளவு எழுதப்பட்டிருக்கும் பக்கம்.